நிற்கும் நேரத்தில்தான் பழுது

டொராண்டோவில் மின்சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் நவம்பர் மாதம் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். முதல் பனி விழுந்தால் வண்டியை மூடி ஓரங்கட்டுகிறார்கள். ஏப்ரலில்தான் மறுபடி வெளியே எடுக்கிறார்கள். மின்சைக்கிள் குளிர் தாங்காது என்பது இங்கே கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்ட கருத்து. கடைக்காரரும் அதைத்தான் சொல்வார், கூட வேலை செய்பவரும் அதைத்தான் சொல்வார். இந்த ஊரின் குளிர்காலங்களை மின்சைக்கிளோடு கழித்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கையில், அந்தக் கருத்தில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் வண்டி கெடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பனியில் ஓடுவதால் அது கெடுவது குறைவு. வேலைக்குப் போய் வருகிற ஒருவரின் சைக்கிள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஓடுகிறது. மீதி நேரமெல்லாம் எங்கோ நிற்கிறது. அந்த நிற்கும் நேரத்தில் அது எப்படி நிற்கிறது, ஈரமாகவா உலர்ந்தா, எப்போது சார்ஜ் ஏறுகிறது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதை உணர்ந்தவர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓட்டுவது ஒரு சாகசமாக இருப்பதில்லை, அன்றாடப் பழக்கமாகிவிடுகிறது. இதை உணராத வரை, வீட்டு உரிமையாளரும் அடுக்கக நிர்வாகமும் மாநகரமும் சேர்ந்து ஒரு நல்ல வாகனத்தை ஆண்டில் ஐந்து மாதம் வீணாக்கிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் பேட்டரியைப் பார்ப்போம். இன்றைய மின்சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம் அது. அதற்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக 2019இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இந்த பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருகின்றன. குளிரில் அந்தத் திரவம் தடித்துப்போகிறது, அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது, உள்தடை கூடுகிறது. அதனால் குளிர்ந்த பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கத் தயங்கும். அப்படிக் கொடுப்பதால் அதற்குப் பெரிய கேடில்லை. வீட்டுக்குள் வந்து சூடேறினால் பழையபடி ஆகிவிடும். சார்ஜ் ஏற்றும்போது கதை வேறு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோன பேட்டரியில் சார்ஜரைச் செருகினால், கிராஃபைட் அடுக்குகளுக்குள் புக வேண்டிய லித்தியம் புக முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மறுபடி பயனுக்கு வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. படிவு ஊசிபோல வளர்ந்து உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படவும் கூடும். தயாரிப்பாளர்களின் கையேடுகள் 0 டிகிரிக்கு மேல்தான் சார்ஜ் செய்யச் சொல்வது இதனால்தான். நல்ல பேட்டரிகளில் உள்ள கட்டுப்பாட்டுச் சுற்று குளிரில் சார்ஜ் ஏறவே விடாது. மலிவானவற்றில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆக, மைனஸ் 15 டிகிரியில் ஓட்டிச் செல்வது பேட்டரியைக் கொல்வதில்லை. வீடு திரும்பிய கையோடு, உறைந்த நிலையிலேயே அதைச் சார்ஜரில் மாட்டுவதுதான் கொல்கிறது.

குளிரில் தூரம் குறைகிறதே, அது ஓட்டத்தின் குறைதானே என்று கேட்கலாம். குறைகிறது என்பது உண்மைதான்; கோடையில் 50 கிலோமீட்டர் ஓடுகிற பேட்டரி கடுங்குளிரில் 35 ஓடினாலே நல்லது. இதில் பேட்டரியின் பங்கு ஒன்று, மற்றவற்றின் பங்கும் உண்டு. மைனஸ் 10 டிகிரியில் காற்று 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தியானது. அதைக் கிழித்துச் செல்ல அதிக ஆற்றல் வேண்டும். வீட்டுக்குள் 60 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயர் அந்தக் குளிருக்கு வந்ததும் 52, 53க்கு இறங்கிவிடும். உருளும் தடை கூடும். தடித்த மேலங்கி காற்றைப் பிடிக்கும், பனிச்சேறு சக்கரத்தைப் பிடிக்கும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், நகரத்துக்குள் வேலைக்குப் போய் வருகிறவருக்கு 35 கிலோமீட்டர் போதாமல் போவது அரிது. உண்மையில் ஆளைத் தவிக்கவிடுவது வேறொன்று: பேட்டரியில் முப்பது சதவீதம் மிச்சம் காட்டும்போதே மேட்டில் வண்டி சட்டென்று அணைந்துவிடுவது. குளிர்ந்த பேட்டரியிடம் ஒரேயடியாக அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். இரவெல்லாம் வெளியே நின்ற பேட்டரியில்தான் இது அதிகம் நேர்கிறது. இரவு வீட்டுக்குள் இருந்து, கிளம்பும் நேரத்தில் மாட்டப்பட்ட பேட்டரி ஓடும்போது தன் உள்தடையாலேயே கொஞ்சம் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. முதல் சில நிமிடங்கள் உதவியைக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டினால் சிக்கல் இன்னும் குறையும். தூரப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இரவில் பேட்டரி எங்கே கிடந்தது என்ற பிரச்சினைதான்.

அடுத்தது உப்பு. ஒன்டாரியோவின் குளிர்காலச் சாலைகள் உப்பால் வாழ்கின்றன. ஹியூரான் ஏரிக்கரையில் உள்ள கோட்ரிச் என்ற ஊரில் 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது உப்புப் படிவம் கிடைத்தது. 1959 முதல் அங்கே சுரங்கம் நடக்கிறது. ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் பரந்திருக்கும் அது, உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். அந்த உப்பு தெருவில் பனியை உருக்குகிறது. சைக்கிளில் செயினையும் போக்ஸ் கம்பிகளையும் திருகாணிகளையும் மின் இணைப்பு முனைகளையும் தின்கிறது. எப்போது தின்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரிப்பு ஒரு வேதிவினை. சூடு கூடக்கூட அது வேகம் பிடிக்கும். கடுங்குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் உப்புச்சேறு அவ்வளவாக வேலை செய்வதில்லை. அந்த வண்டியைக் கழுவாமல், துடைக்காமல் வெதுவெதுப்பான கராஜிலோ அடித்தளத்திலோ நிறுத்தும்போதுதான் அது உருகி, இடுக்குகளில் இறங்கி, இரவு முழுக்க வேலை செய்கிறது. கடுங்குளிர் நாட்களில் சாலையில் தெளிக்கும் கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், தானாக உலராது. அலுமினியமும் இரும்பும் சேரும் இடங்களில் உப்புநீர் நின்றால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும். போக்ஸ் முனைகள் இறுகி, பிறகு சக்கரத்தின் கோணலை நிமிர்த்தவே முடியாமல் போவது இப்படித்தான். இவ்வளவும் வண்டி நிற்கும்போது நடக்கிறது.

வெறும் குளிர் பகையில்லை என்பதற்கு ஃபின்லாந்தின் ஊலு நகரம் நல்ல சான்று. வட அட்சரேகை 65 டிகிரியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே இருக்கும் ஊர் அது. குளிர்கால சைக்கிள் ஓட்டம் பற்றிய சர்வதேச மாநாடு முதன்முதலாக 2013இல் அங்கேதான் கூடியது. டொராண்டோவைவிட எவ்வளவோ கடுமையான குளிர் அங்கே. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை பனியில் சைக்கிள் மிதிக்கிறார்கள். அங்கே சைக்கிள் பாதைகளில் பனியை வழித்துத் தள்ளி, மிச்சத்தை இறுக்கி, மேலே பொடிக்கல் தூவுகிறார்கள், உப்பை நம்புவதில்லை. விளைவாகப் பாதை வெண்மையாக, உலர்ந்து, உறுதியாக இருக்கிறது. உலர்ந்த மைனஸ் 15 டிகிரி சைக்கிளுக்கு நல்ல வானிலை. டொராண்டோவின் குளிர்காலம் அப்படிப்பட்டதல்ல. ஒரே வாரத்தில் பலமுறை பூஜ்யத்தைத் தாண்டி ஏறி இறங்கும். பகலில் உருகியது இரவில் உறையும், உறைந்தது மறுநாள் உப்புச்சேறாகும். பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் இந்த ஈரமே மைனஸ் 20ஐவிடக் கொடியது. குளிர்தான் வண்டியைக் கெடுக்கிறது என்றால் ஊலுவில் ஒரு சைக்கிளும் மிஞ்சியிருக்கக் கூடாது.

ஈரம் இன்னும் இரண்டு விதங்களில் நிற்கும் வண்டியைப் பிடிக்கிறது. ஒன்று, உறைதல். பகலில் ஃப்ரீவீலுக்குள்ளும் கேபிள் உறைக்குள்ளும் புகுந்த நீர் வெளியே நிறுத்திய இரவில் பனிக்கட்டியாகிறது. காலையில் கியர் மாறாது. பிரேக் பிடி திரும்பி வராது. தடித்த கிரீஸில் ஃப்ரீவீலின் பற்கள் ஒட்டிக்கொண்டு, பெடல் சக்கரத்தைத் தள்ளாமல் வெறுமனே சுற்றும். மற்றொன்று, வியர்த்தல். குளிர்ந்த உலோகமும் பேட்டரியும் வெப்பமான அறைக்குள் வந்ததும் அறையின் ஈரம் அவற்றின்மேல் துளிகளாகப் படியும்; கைப்பிடியில் உள்ள திரையின் உட்புறத்திலும் கனெக்டர்களிலும்கூடப் படியும். உப்பும் அந்தத் துளியும் சேர்ந்தால் செப்பு முனைகள் பச்சை பூக்கும், மோட்டார் விட்டுவிட்டு ஓடும். மழை தாங்கும் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். ஐபிஎக்ஸ்4 போன்ற தரக்குறி மேலே தெறிக்கும் நீரைத் தாங்குவதற்கான சோதனை. மாதக்கணக்கில் உப்புநீர் இடுக்கில் தங்கியிருப்பதற்கான உத்தரவாதம் அதில் இல்லை.

இதற்கான பராமரிப்பு கடினமானதல்ல. தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வீடு திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், துடைத்து, அறைச்சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டு, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். வண்டியை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரும் பழைய துணியும் கொண்டு மெதுவாகக் கழுவலாம். பீய்ச்சியடிக்கும் குழாய் வேண்டாம், அது உப்பைத் தாங்குருளைகளுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் தள்ளிவிடும். செயினைத் துடைத்து ஈரக்காலத்துக்கான எண்ணெய் விட்டு, மிகுந்ததை மறுபடி துடைத்துவிட வேண்டும். மின்முனைகளில் மின்கடத்தாக் கிரீஸை மெல்லப் பூசலாம். மணலும் உப்பும் கலந்த சேற்றில் பிரேக் கட்டைகள் கோடையைவிட விரைவாகத் தேயும். அடிக்கடி பார்க்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் டிஸ்க் பிரேக்கும் முழுநீள மட்கார்டும் உள்ள வண்டியை எடுப்பது நல்லது. வசதியிருந்தால் எண்ணெயே தேவைப்படாத பெல்ட் வண்டியை எடுக்கலாம். தினமும் பத்து, பதினைந்து நிமிட வேலை. காரின்மேல் விழுந்த பனியை வழித்து, கண்ணாடியைச் சுரண்டி, எஞ்சினைச் சூடேற்றுவதற்கு இதைவிடக் குறைவான நேரம் ஆகிவிடாது.

சறுக்கி விழுவது பற்றிய அச்சம் இவற்றிலிருந்து வேறுபட்டது; அதில் ஓடும் நேரத்தில்தான் ஆபத்து. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விடை நெடுநாளாகவே இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் பதித்த டயர்கள் சைக்கிளுக்குக் கிடைக்கின்றன. சில வகைகளில் ஒரு டயருக்கே இருநூறுக்கு மேற்பட்ட ஆணிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டியில் நடப்பவரின் செருப்பு வழுக்கும் இடத்தில்கூட அவை பிடித்து நிற்கும். மாண்ட்ரியலின் பிக்ஸி வாடகை சைக்கிள் சேவை 2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இத்தகைய டயர்களை மாட்டித்தான் முதன்முறையாக ஆண்டு முழுவதும் இயங்கத் தொடங்கியது. மின்சைக்கிளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மோட்டார் இருக்கும் இடம். முன்சக்கர மோட்டார் பனியில் திடீரென்று சுழன்றால் கைப்பிடி கையைவிட்டுப் போகும். பின்சக்கரத்திலோ நடுவிலோ இருப்பது பாதுகாப்பானது. மிதிக்கும் விசைக்கேற்ப உதவி தரும் உணரி, பெடல் சுற்றியதுமே முழு உதவியைத் தள்ளும் உணரியைவிட மேலானது. குவீன், டண்டாஸ், காலேஜ் தெருக்களின் டிராம் தண்டவாளங்களைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். உறைமழை பெய்யும் நாளில் ஆணி டயரும் போதாது. அன்று பேருந்தில் போவதே அறிவு.

உடல் தாங்காது என்ற பேச்சிலும் ஓர் உண்மை இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியில், காற்றே வீசாத நாளில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மைனஸ் 19 டிகிரியின் குளிரை உணர்வார். சாதாரண சைக்கிள்காரருக்கு மிதிக்கும் உழைப்பே சூடு தரும். மின்சைக்கிளில் அந்தச் சூடு குறைவு. ஒன்டாரியோவில் மின்சைக்கிளின் மோட்டார் 500 வாட்டுக்கும், உதவி கிடைக்கும் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்கும் மிகக் கூடாது. அந்த உச்சத்திலேயே போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேகத்தையும் உதவியையும் குறைத்தால் காற்றும் குறையும், உடலும் சூடாகும், பேட்டரியும் நீடிக்கும். கைப்பிடிகளின்மேல் மாட்டும் பெரிய உறைகள் எந்தக் கையுறையையும்விடப் பயன் தரும்.

கனமான மறுப்பு தீ பற்றியது. 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்டு–யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் ஒரு மின்சைக்கிள் தீப்பற்றியது. அதன்பின், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை லித்தியம் அயனி பேட்டரி கொண்ட சைக்கிள்களைத் தன் வண்டிகளிலும் நிலையங்களிலும் அனுமதிப்பதில்லை என்று டொராண்டோ போக்குவரத்து ஆணையம் விதி கொண்டுவந்தது. உப்பும் ஈரமும் பேட்டரியைக் கெடுக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பூமிக்கு அடியில், கூட்டம் நிறைந்த பெட்டியில் தீ என்பது எவரும் அஞ்ச வேண்டியது. எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. உப்பில் ஊறி, ஈரத்தில் நின்று, உறைந்த நிலையில் சார்ஜ் ஏறிய பேட்டரிதான் ஆபத்தானது. உலர்வாகப் பேணப்பட்ட, தரச்சான்று பெற்ற பேட்டரியையும் அதனோடு சேர்த்து எண்ணுவது சரியன்று. நியூயார்க் மாநகரம் 2023இல் இயற்றிய சட்டம், யூஎல் 2849 என்ற தரத்துக்கு உட்பட்ட மின்சைக்கிள்களையே விற்கலாம் என்றது. தீயை அதன் மூலத்தில் அணைக்கும் வழி அது. ஒட்டுமொத்தத் தடை, பாதி வழி ரயிலில் போகிறவரின் சைக்கிளை நிலையத்துக்கு வெளியே பனியில் நிற்க வைக்கிறது. எந்த ஈரத்துக்கு அஞ்சுகிறோமோ அந்த ஈரத்திலேயே அதைத் தள்ளுகிறது.

தனிமனிதப் பழக்கம் போதாமல் போகும் இடம் இதுதான். கழற்றி வைக்க அறையும், துடைக்க இடமும், கண்ணெதிரே சார்ஜ் செய்ய ஒரு பிளக்கும் இருப்பவருக்கு நான் சொன்னதெல்லாம் எளிது. இந்த நகரத்தில் குளிர்காலத்தில் மின்சைக்கிளை அதிகம் ஓட்டுகிறவர்களோ உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகள். அவர்களில் படிக்க வந்த மாணவர்கள் நிறைய. பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. குறுகலான படிக்கட்டு உள்ள அடித்தள வீடுகளில் நான்கைந்து பேராகத் தங்குகிறவர்கள் அவர்கள். 25, 30 கிலோ எடையுள்ள வண்டியை அந்தப் படியில் தினமும் இறக்க முடியாது. சில அடுக்ககங்கள் மின்சைக்கிளை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. ஆகவே வண்டி வேலியோரம் நிற்கிறது; பேட்டரி கதவோரம், வெளியேறும் வழியை அடைத்தபடி, எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் ஆகிறது. இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது; ஆனால் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கும் ஏற்பாடு அதுதான். நியூயார்க் 2024இல் உணவு விநியோகத் தொழிலாளிகளுக்காகத் தெருவோர பேட்டரி நிலையங்களைச் சோதனை முறையில் திறந்தது. நம் நகரங்களும் அதைச் செய்யலாம். அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் புகையறியும் கருவியோடு ஓர் உலர்ந்த அறையும், கழுவ ஒரு வடிகாலும் ஒதுக்குவது, தடைப் பலகை மாட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

இவ்வளவு பாடு எதற்கு, ஐந்து மாதம் மூடி வைத்துவிடலாமே என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மூடி வைப்பதும் நிற்பதுதான். அதுவும் நீண்ட நிற்பு. வெளிக் கொட்டகையில் பேட்டரியோடு மூடிய வண்டியில், பேட்டரி தானாகவும் கட்டுப்பாட்டுச் சுற்றாலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே போனால் வசந்தத்தில் சார்ஜரை ஏற்காது. பல நூறு டாலர் போய்விடும். கழுவாமல் மூடிய உப்பு ஐந்து மாதமும் அங்கேயே இருக்கும். ஓட்டாதவர்களும் பேட்டரியை 30 முதல் 60 சதவீத சார்ஜில், வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பார்த்துவரத்தான் வேண்டும். எப்படியும் பேணத்தான் வேண்டுமென்றால், ஓட்டிக்கொண்டே பேணுவது நல்லது. இந்தக் குளிர்காலத்துக்கு மின்சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் மோட்டாரின் வலுவையும் வண்டியின் விலையையும் விசாரிக்கும் முன், அது இரவில் எங்கே நிற்கும், பேட்டரி எங்கே சார்ஜ் ஆகும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: வாசலுக்குப் பக்கத்தில் கூரையுள்ள ஓர் இடமும், உள்ளே வழியை அடைக்காத மூலையில் ஒரு பிளக்கும் கொடுங்கள். ஒரு மனிதரின் ஆண்டு முழுவதற்குமான போக்குவரத்துக்கும், அதே கூரையின் கீழ் தூங்குகிற எல்லோருடைய பாதுகாப்புக்கும் அது போதுமானது.